இரு தீவுகளும் நமது மாவட்டமும்

ஆர்.கே.பேட்டையில் தறியோசை சற்றே ஓயும் மாலை நேரத்தில், படிப்பகத்துத் திண்ணையில் கூடும் இளைஞர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "நிலப்பரப்பு இல்லை, பொன்விளையும் சுரங்கம் இல்லை, பெருக்கெடுத்தோடும் ஆறும் இல்லை. இத்தகைய சின்னஞ்சிறு நாட்டிலே மக்கள் நல்வாழ்வு வாழ முடியுமா?" முடியாது என்பாரும் உளர். சிறிய நாடு என்றாலே பெரிய நாட்டின் கைப்பிடிக்குள் அடங்கிக் கிடக்க வேண்டியதுதான் என்பது அவர்தம் வாதம். முடியும் என்பார் உடனே சிங்கப்பூரைச் சுட்டிக் காட்டுவர். "அங்கே அள்ளிக் கொட்டிக் கிடக்கிறது செல்வம்; அதுவன்றோ வாழ்வு!" என்பர். இரண்டு விடைகளும் அவசர விடைகள் என்பது நம் கருத்து. ஆகவே ஒரு நாட்டை மட்டும் பாராமல் இரண்டு நாடுகளை எடுத்துக் கொண்டு, அவற்றின் வரலாற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஒன்று சிங்கப்பூர், மற்றொன்று மொரீசியசு.

இவ்விரண்டும் எவ்வளவு பெரியவை? சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். அதிலும் ஒரு பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கியது. விடுதலை பெற்ற 1965-இல் 580 சதுர கிலோமீட்டர் அளவே இருந்தது. மொரீசியசு, அதனைச் சார்ந்த குட்டித் தீவுகளையும் சேர்த்து, 2,040 சதுர கிலோமீட்டர். நமது திருவள்ளூர் மாவட்டமோ ஏறத்தாழ 3,400 சதுர கிலோமீட்டர். இரண்டு நாடுகளையும் தூக்கி வந்து நம் மாவட்டத்துக்குள் வைத்தாலும் இன்னும் 600 சதுர கிலோமீட்டர் மிச்சமிருக்கும்! மக்கள் தொகையில் சிங்கப்பூர் 60 இலட்சம். மொரீசியசு 12 இலட்சத்துக்குச் சற்று மேல். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் 37 இலட்சம் பேர். எனவே, இந்த ஒப்பீடு எங்கோ இருக்கும் இரு நாடுகளைப் பற்றிய வேடிக்கைப் பேச்சன்று. நம் மாவட்டத்தினும் சிறிய மண்ணிலே மக்கள் எப்படி வாழ்ந்தனர், எப்படி வாழ்கின்றனர் என்ற ஆராய்ச்சி.

தமிழன் இந்தத் தீவுகளுக்குப் போன கதை இனிய கதையன்று. நம் மாவட்டத்துப் பழவேற்காடு, 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம். அந்தத் துறையிலிருந்து துணி மட்டுமா கப்பலேறியது? பஞ்சத்தால் விற்கப்பட்ட மனிதர்களும் கப்பலேற்றப்பட்டனர். அதே கம்பெனிதான் மொரீசியசுத் தீவையும் 1638 முதல் 1710 வரை கைவசம் வைத்திருந்தது. பின்னர் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1735-இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்துப் போர்ட் லூயி நகரை எழுப்பினான். 1810-இல் தீவு பிரிட்டிஷார் வசமாயிற்று.

1835 பிப்ரவரி 1-ஆம் நாள் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர்கள் இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? பரம்பரை பரம்பரையாக முதுகெலும்பு முறிய உழைத்த அடிமைகளுக்கா? இல்லை. அவர்களை உடைமையாக வைத்திருந்த முதலாளிகளுக்கு! இருபது இலட்சம் பவுனுக்கு மேல் அவர்கள் பையில் விழுந்தது. விடுதலை பெற்றவனுக்குக் கிடைத்தது வெறுங்கை. அவன் விட்டுச் சென்ற கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! 1834 முதலே ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டனர். 1910 வரையிலான காலத்தில் நான்கரை இலட்சம் பேர். அவர்களுள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் பல்லாயிரவர். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டுநாள் கூலி பிடித்தம் என்பது அங்கே சட்டம். தோட்டத்தை விட்டு வெளியே நடமாட அனுமதிச் சீட்டு வேண்டும். அடிமை என்ற பெயர் போயிற்று, அடிமைத்தனம் போகவில்லை.

சிங்கப்பூர்க் கதையும் இதற்கு இளைத்ததன்று. 1819-இல் ராபிள்ஸ் அங்கே வணிகத்துறை அமைத்தபோது உடன் வந்தவர்களுள் நாராயண பிள்ளை என்ற தமிழரும் ஒருவர். செங்கற் சூளை வைத்தவர். 1825 முதல் அரை நூற்றாண்டுக் காலம் இந்தியக் கைதிகள் அங்கே நாடு கடத்தப்பட்டனர். இன்று பயணிகள் வியந்து பார்க்கும் புனித ஆந்திரேயர் பேராலயமும், குடியரசுத் தலைவர் மாளிகையும் அந்தக் கைதிகளின் கைகள் கட்டியவை. சாலை போட்டவன், சதுப்பு நிலத்தைத் தூர்த்தவன், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் எல்லோரும் நம்மவர்.

இரண்டு தீவுகளிலும் கூலிகளாக இறங்கிய தமிழர் மனிதராக நிமிர்ந்தது எப்படி? விதி மனமிரங்கியதாலா? இல்லை. எழுத்தும், அமைப்பும், போராட்டமுமே அவர்களை நிமிர்த்தின.

மொரீசியசில் 1943 செப்டம்பர் 27-ஆம் நாள், பெல் வியூ ஆரெல் என்னும் தோட்டத்தில் உரிமை கேட்ட தொழிலாளர்மீது போலீசு சுட்டது. மாண்டவர்களுள் ஒருத்தி அஞ்சலை, தமிழ்ப் பெண், கருவுற்றிருந்தவள். அந்தக் குருதி வீண்போகவில்லை. ஐந்து ஆண்டுகளில், 1948-இல், தீவில் வழங்கும் எந்த மொழியிலாவது எழுதப் படிக்கத் தெரிந்தால் வாக்குரிமை உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது. கிராமந்தோறும் மாலைப் பள்ளிகள் நடந்தன. கரும்பு வெட்டிய கை எழுத்தாணியைப் பிடித்தது. ஏறத்தாழ 12,000 பேராக இருந்த வாக்காளர் தொகை ஒரே பாய்ச்சலில் 72,000 ஆயிற்று. 1959-இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை. கையெழுத்து ஒருவனுடைய தலையெழுத்தை மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

சிங்கப்பூரிலே நம் இயக்கத்தின் காற்றே வீசியது. 1929-இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று பேசினார். அந்தச் சுயமரியாதைக் கருத்துகளைக் கையிலேந்திப் பணிபுரிந்தவர் திருவாரூரிலிருந்து 1924-இல் அங்குச் சென்ற கோ. சாரங்கபாணி. 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் 'தமிழ் முரசு' பிறந்தது. தீமிதியையும் அலகு குத்துதலையும் கண்டித்தனர், சாதியைக் கண்டித்தனர். சாரங்கபாணி சீனப் பெண்மணியை மணந்தார், சொன்னதைச் செய்தவர். தமிழர் குடியுரிமைக்குப் பதிந்து கொள்ள வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ஓயாது எழுதினார். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றாக நிற்பதற்குப் பின்னே இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

இனி, விடுதலை வாயிலில் இந்நாடுகள் நின்ற நிலையைப் பாருங்கள். இரண்டுக்கும் அன்று சாவோலை எழுதியாயிற்று!

1961-இல் மொரீசியசை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் சேம்சு மீடு (பின்னாளில், 1977-இல், நோபல் பரிசு பெற்றவர்), மக்கள் தொகை பெருகிக் கொண்டே போகும் இந்தத் தீவில் அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்புக் குறைவு என்று எழுதினார். ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரை ஒன்றே. 1960-இல் வீசிய புயல் பல்லாயிரம் குடிசைகளை வாரிக் கொண்டு போயிற்று. 1968 மார்ச் 12-இல் விடுதலை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் போர்ட் லூயியில் இனக் கலவரம். அமைதி காக்கப் பிரிட்டிஷ் படை வரவேண்டியதாயிற்று.

சிங்கப்பூர் என்ன உயர்ந்த நிலையிலா இருந்தது? குடிக்கத் தண்ணீரே அண்டை நாட்டு ஜொகூரிலிருந்து வரவேண்டும். 1961 மே 25-இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். 1965 ஆகஸ்ட் 9-இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, தலைமையமைச்சர் லீ குவான் இயூ தொலைக்காட்சியில் கண்ணீர் சிந்தினார். நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஆதாரமாயிருந்த பிரிட்டிஷ் படைத் தளங்கள் மூடப்படும் என்ற செய்தி 1968-இல் இடியென இறங்கியது.

ஒரே ஆண்டையொட்டி ஒரு தீவைப் புயல் அழித்தது. மற்றொன்றைத் தீ அழித்தது. இரண்டும் எழுந்தன. ஆனால் எழுந்த வழி வேறு. அந்த வேறுபாட்டிலேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

சிங்கப்பூர் முதலில் கை வைத்தது நிலத்தில். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1966-இல் நில எடுப்புச் சட்டம் வந்தது. பொதுக் காரியத்துக்கு வேண்டிய நிலத்தை, முதலாளி கேட்ட விலைக்கல்ல, அரசு வகுத்த விலைக்கு எடுத்துக் கொள்ளலாம் என்றாயிற்று. இன்று அந்நாட்டு நிலத்தில் மிகப் பெரும்பகுதி அரசுடையது. முதல் ஐந்து ஆண்டுகளில் 50,000-க்கு மேற்பட்ட அடுக்கு வீடுகள் எழுந்தன. தீயில் வெந்த புக்கிட் ஹோ சுவீயிலும் அடுக்கு மாடிகள் நின்றன. இன்று அந்நாட்டுக் குடிகளில் நான்கில் மூவருக்கு மேல் அரசு கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அவ்வீடுகளின் உரிமையாளர்கள். 1989 முதல், ஒரே கட்டடத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கலந்து வாழும் வகையில் ஒவ்வோர் இனத்துக்கும் அளவு வகுக்கப்பட்டது. ஊர் ஒருபுறம், சேரி மறுபுறம் என்று பிரித்து வைத்த நாட்டில் பிறந்த நமக்கு, இந்த ஏற்பாட்டின் அருமை எளிதில் விளங்கும். தமிழ்நாட்டில் 1997-இல் கலைஞர் அரசு தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்கள், ஊருக்கு 100 வீடுகள் என்ற அளவில், இதே நோயைச் சாதியின் பக்கத்திலிருந்து தீர்க்க முயன்றவை அல்லவா!

மொரீசியசு நிலத்தில் கை வைக்கவில்லை. கரும்புத் தோட்டங்களின் பெரும்பகுதி பழைய பிரெஞ்சு மரபுக் குடும்பங்களின் கையிலேயே தங்கிற்று. ஆனால் அது வேறொன்று செய்தது. சர்க்கரை தந்த வருவாயில் வரி வாங்கி, அதை மக்களின் உடலுக்கும் அறிவுக்கும் முதுமைக்கும் செலவிட்டது. 1950-இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 1958-இல் பணக்காரன், ஏழை என்று பாராமல் அனைவருக்கும் உரியதாயிற்று. அதாவது, விடுதலைக்குப் பத்தாண்டு முன்பே! அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை. 1975-இல் மாணவர்கள் தெருவிலிறங்கிப் போராடினர். 1977-இல் இடைநிலைக் கல்வி முழுவதும் இலவசமாயிற்று. 1970-இல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டம் வந்தது. துணி தைக்கும் ஆலைகள் எழுந்தன. அடுப்படியில் இருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் கூலி பெறும் தொழிலாளராயினர். பிறப்பு விகிதம் குறைந்தது. மீடு அஞ்சிய மக்கட் பெருக்கத்தை மொரீசியசு எந்தக் கட்டாயமும் இன்றி, பெண் கல்வியாலும் குடும்பநல நிலையங்களாலும் கட்டுப்படுத்தியது.

மலேரியாவின் கதையைச் சொல்லாமல் விடலாகாது. 1867-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொரீசியசில் அந்த நோய் பல்லாயிரம் பேரை விழுங்கியது. அப்போது கோயில் இல்லையா? இருந்தது. காவடி இல்லையா? இருந்தது. மாதா கோயில் மணியும் ஒலித்தது. நோய் நிற்கவில்லை. 1940-களின் இறுதியில் மருந்து தெளிப்பாரும் குட்டை தூர்ப்பாரும் கிளம்பினர். 1973-இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடென்று சான்றளித்தது. 1975-இல் புயலுக்குப் பின் அது மீண்டும் தலைகாட்டியபோதும் அதே அறிவே அதை விரட்டியது. கொசுவை விரட்டியது மந்திரமன்று.

இனி எண்களைப் பார்ப்போம். 1960-ஐ ஒட்டி, பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் சிங்கப்பூரில் 65 ஆண்டு, மொரீசியசில் ஏறத்தாழ 60. இன்று சிங்கப்பூரில் 83. மொரீசியசில் 75-ஐ ஒட்டி. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஓராண்டுக்குள் சிங்கப்பூரில் இறப்பது ஏறத்தாழ இரண்டு. மொரீசியசில் பத்துக்கு மேல். ஆள்வீத வருவாய் சிங்கப்பூரில் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். மொரீசியசில் 11,000 டாலருக்குச் சற்று மேல். ஐக்கிய நாடுகள் வகுக்கும் மனித வளர்ச்சிக் குறியீட்டில் சிங்கப்பூர் 0.94-க்கு மேல்; மொரீசியசு 0.80-ஐ ஒட்டி. இந்தியா 0.70-ஐ இன்னும் எட்டவில்லை.

"தீர்ந்தது வழக்கு! சிங்கப்பூருக்கே வெற்றி" என்று நண்பர் எழுந்து விடலாம். சற்று அமருங்கள். வீட்டையும் வருவாயையும் அளந்தோம்; வாயை அளந்தோமா? வாழ்வின் தரம் என்பது வயிற்றின் தரம் மட்டுமா? மனிதன் அச்சமின்றிப் பேசவும், ஆள்வோரை மாற்றவும் உரிமை பெற்றிருக்கிறானா என்பதும் அதில் அடங்காதா?

சிங்கப்பூரில் 1959 முதல் இன்றுவரை ஆட்சியில் இருப்பது ஒரே கட்சி. 1963 பிப்ரவரியில் ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட எதிர்க்கட்சியினரும் தொழிற்சங்கத்தினரும் விசாரணையின்றிச் சிறையிலடைக்கப்பட்டனர். சியா தை போ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1966-இல் கைது செய்யப்பட்டு, வழக்கே நடத்தப்படாமல் 23 ஆண்டுகள் காவலில் இருந்தார். விடுதலைக்குப் பின் முதன்முதலாக ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் நாடாளுமன்றம் புகுந்தது 1981-இல்தான். அவர் யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான ஜெயரத்தினம்.

இன்னுமொன்று. 1984-இல் அந்த அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. பட்டம் பெற்ற தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை! படித்தவள் வயிற்றில் பிறந்தால் அறிவாளி, படிக்காதவள் வயிற்றில் பிறந்தால் மந்தன் என்பதுதானே இதன் உட்பொருள்? இதை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? 1953-இல் நம் நாட்டில் அப்பன் தொழிலைப் பிள்ளைக்குப் பாதிநாள் கற்பிக்க வந்த குலக்கல்வித் திட்டத்தின் உடன்பிறப்பன்றோ இது! நம் மக்கள் போராடினர். 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்து அத்திட்டத்தைக் கைவிட்டார். சிங்கப்பூர் மக்களும் சும்மா இருக்கவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்குகளைச் சரித்தனர். 1985-இல் பள்ளி முன்னுரிமை கைவிடப்பட்டது. வளமான நாட்டிலும் வருணாசிரம வாடை வீசக்கூடும் என்பதை மறவாதீர்!

மொரீசியசு இதில் உயர்ந்து நிற்கிறது. அங்கும் குறை உண்டு. 1971-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நடக்க வேண்டிய பொதுத் தேர்தல் 1976 வரை தள்ளிப் போடப்பட்டது. ஆயினும் 1982-இல் ஆளுங்கட்சியை மக்கள் துடைத்தெறிந்தனர். பெருந்தீவின் 60 இடங்களும் எதிர்க்கட்சிக் கூட்டணிக்கே. 1995-இலும் அப்படியே. 2024-லிலும் ஆட்சி மாறிற்று. துப்பாக்கி முழங்கவில்லை, வாக்குப் பெட்டி பேசியது. 2025-இல் உதவித்தொகை பெறும் வயதை 60-லிருந்து 65-ஆகப் படிப்படியாக உயர்த்த அரசு முனைந்தபோது மக்கள் எதிர்த்துக் கிளம்பினர். சிங்கப்பூரில் முதுமைக்குத் துணை பெரும்பாலும் 1955-இல் அமைந்த மத்திய சேமநிதி; அதாவது அவனவன் கூலியிலிருந்து அவனவனே சேர்த்தது. குறைந்த கூலி பெற்றவனுக்குக் குறைந்த சேமிப்பு. அதனால்தான் செல்வம் கொழிக்கும் அந்நகரிலும் அட்டைப்பெட்டி பொறுக்கி விற்கும் கிழவர்களைக் காண்கிறோம். மொரீசியசில் முதுமை ஒருவனுடைய தனிச்சுமை அன்று, ஊர்ச்சுமை.

தமிழின் நிலையிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி; பள்ளியில் பாடமொழி; நாளேடு உண்டு. தமிழ் மரபினரான தர்மன் சண்முகரத்தினம் 2023-இல் நூற்றுக்கு 70 வாக்குகள் பெற்றுக் குடியரசுத் தலைவரானார். தமிழரோ அங்கே சிறுபான்மையினர். மொரீசியசின் பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. நூறு ரூபாய்த் தாளில் தொழிற்கட்சித் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனின் உருவம் உண்டு. 1998-இல் புதிய தாள்களில் தமிழின் இடத்தில் இந்தியை முன்னும், தமிழைப் பின்னும் வைத்து அச்சிட்டனர். தமிழர் கொதித்தெழுந்தனர், அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே அச்சிட்டது. வாக்குரிமையின் வலிமை அது! ஆனால் அந்தத் தமிழர் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். தமிழ் அங்கே காவடியிலும் தீமிதியிலும் தொற்றிக் கொண்டு நிற்கிறது. கோயிலில் மட்டும் வாழும் மொழி குழந்தையின் நாவில் வாழாது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டையும் அளந்தோம். ஆனால் மிக முக்கியமான அளவுகோல் ஒன்று மீதியிருக்கிறது. ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரத்தை உச்சியில் இருப்பவனைக் கொண்டு அளப்பது பழைய அரசர் காலத்து அளவை. கடைசியில் நிற்பவன் எப்படி வாழ்கிறான் என்பதே நம் அளவை.

சிங்கப்பூரின் கடைசி மனிதன் யார்? நம் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கடன் வாங்கிச் சென்று, வானளாவிய மாளிகைகளைக் கட்டும் தொழிலாளி. அவனுக்கு அந்த அடுக்கு வீடுகளில் இடமில்லை. விடுதியில் ஓர் அறைக்குப் பலர். வேலைக்குப் போவது சரக்கு வண்டியின் பின்புறத்தில். 2020-இல் கொரோனா வந்தபோது அந்த உண்மை உலகுக்கே வெளிச்சமாயிற்று. விடுதிகளில் இருந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளருள் ஏறத்தாழ பாதிப்பேர் அவ்வாண்டு இறுதிக்குள் நோய்க்கு ஆளாகியிருந்தனர். 83 ஆண்டு ஆயுள் என்ற கணக்கிலே அவன் சேர்க்கப்பட்டானா?

மொரீசியசின் கடைசி மனிதன் யார்? பழைய அடிமைகளின் வழிவந்த கிரியோல் ஏழை. 1835-இல் வெறுங்கையோடு விடப்பட்டவனின் பேரன், இன்றும் குடிசைப் பகுதியில் பின்தங்கியிருக்கிறான். 1999-இல் கயா என்ற பாடகர் போலீசுக் காவலில் இறந்தபோது வெடித்த கலவரம் அந்தப் பழைய புண்ணின் சீழ். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாத்திரமே சொல்லிற்று. கப்பலில் கரைந்த சாதி கரையில் மீண்டும் முளைத்தது. வேட்பாளரைத் தேர்வதில் சாதிக் கணக்கும் மதக் கணக்கும் பார்ப்பது அங்கே இன்னும் ஓயவில்லை.

ஆகவே, நண்பர் கேட்ட கேள்விக்கு நம் விடை இது: சிறிய நாடு வாழ முடியும், வாழ்ந்து காட்டியிருக்கிறது. நிலப்பரப்பும் சுரங்கமும் அல்ல, எடுத்த முடிவுகளே அதை வாழ வைத்தன. வீடு பொதுக் கடமை என்று முடிவெடுத்த சிங்கப்பூர் குடிசையை ஒழித்தது. முதுமையும் மருத்துவமும் கல்வியும் பொதுக் கடமை என்று முடிவெடுத்த மொரீசியசு, அதனினும் மிகக் குறைந்த வருவாயில் மானத்தோடு வாழ்கிறது. ஒன்றிடம் வீடும் வளமும் மிகுதி. மற்றொன்றிடம் குரலும் பரிவும் மிகுதி. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மிடம் சொல்வாரானால், நாம் மறுப்போம். வீடும் வேண்டும், குரலும் வேண்டும். சோற்றுக்கு விலையாகச் சுயமரியாதையை ஏன் கொடுக்க வேண்டும்?

இப்போது பார்வையை நம் மண்ணுக்குத் திருப்புவோம். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள், திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை திருந்தியது. அதற்குப் பின் எழுத்தறிவு வளர்ந்தது. 2011-இல் மாவட்டத்தில் நூற்றுக்கு 84 பேர் எழுத்தறிந்தவர். தமிழ்நாட்டின் குழந்தை இறப்பு 2020-இல் ஆயிரத்துக்கு 13. மொரீசியசின் அளவை ஒட்டியது. நம் மாவட்டத்தில் எண்ணூரிலே துறைமுகம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியிலே ஆலைகள் இருக்கின்றன, பூண்டியிலே நீர்த்தேக்கம் இருக்கிறது, ஆர்.கே.பேட்டையிலும் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிகள் ஓடுகின்றன. மொரீசியசுக்குக் கரும்பு ஒன்றுதான் இருந்தது. சிங்கப்பூருக்கு அதுவும் இல்லை.

ஆனால் அதே அளவுகோலை நம்மீதும் வைப்போம். நம் கடைசி மனிதன் யார்? செங்கற் சூளையிலும் செங்குன்றத்து அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல்! ஒடிசாவிலிருந்து சூளைக்கு வந்தவனும், பீகாரிலிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைக்கு வந்தவனும் தகரக் கொட்டகையில் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். சிங்கப்பூர் விடுதியில் நம் பிள்ளை படும் பாட்டுக்கு நெஞ்சு கொதிக்கும் நாம், நம் ஊர்க் கொட்டகையில் அயலூர்ப் பிள்ளை படும் பாட்டைக் கண்டும் காணாமல் போவது முறையா? அன்று மொரீசியசுக்குப் போன ஒப்பந்தக் கூலியை எண்ணிக் கண்ணீர் வடிப்பதற்குத் தகுதி வேண்டுமானால், இன்று நம் வாசலுக்கு வந்திருக்கும் ஒப்பந்தக் கூலியின் பக்கம் நாம் நிற்க வேண்டும்.

ஆகவே, படிப்பகத்துத் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். அடுத்த முறை இந்த வாதம் எழும்போது, எந்த நாடு பெரிது என்று கேட்காதீர்கள். எந்த நாடு பணக்கார நாடு என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அங்கே வீடற்றவன் உண்டா, பேச அஞ்சுபவன் உண்டா, கடைசியில் நிற்பவன் யார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அதே மூன்று கேள்விகளோடு நம் தெருக்கோடிச் சூளைக்கும், ஆலை வாயிலில் உள்ள கொட்டகைக்கும் சென்று வாருங்கள். விடையைத் தாளில் குறித்து வந்து படிப்பகத்தில் படியுங்கள். இரண்டு தீவுகளின் வரலாற்றைப் படித்ததன் பயன் அன்றுதான் தொடங்கும்.